‘நேத்து மாதிரி இல்ல’: பராமரிப்பு இல்லங்களில் செப்சிஸ்

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க முதுமை மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. கென்னத் பூக்வார் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்யும் நர்சிங் உதவியாளர்களிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவூட்டி, கழிவறைக்கு அழைத்துப் போகிறவர்கள் அவர்கள். தாங்கள் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் வழக்கத்துக்கு மாறாக எதையாவது கண்டால் அதில் குறித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு அந்தப் படிவங்களை மருத்துவக் குறிப்பேடுகளோடு ஒப்பிட்டார்கள். நோய் வந்ததாகக் குறிப்பேட்டில் ஏறுவதற்குச் சராசரியாக 5 நாள் முன்பே உதவியாளர்கள் மாற்றத்தைக் கண்டுவிட்டிருந்தார்கள். எல்லா நோயையும் கண்டார்கள் என்றில்லை. ஏறக்குறையப் பாதியைக் கண்டார்கள். ஆனால் நோயே இல்லாதவரைப் பற்றி அவர்கள் வீணாகக் கவலைப்பட்டது மிகக் குறைவு.

அந்த ஆய்வு செப்சிஸை மட்டும் குறிவைத்ததல்ல. திடீரென வரும் எல்லா நோய்களையும் பற்றியது. இருந்தாலும் முதியவர்களின் செப்சிஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். செப்சிஸ் மருத்துவத்தில் பேச்செல்லாம் மணிக்கணக்கில்தான். ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போன நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியிருக்க வேண்டும், அதிர்ச்சி இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் வேகமாகப் பரிசோதித்து 3 மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது 2021-இல் வந்த சர்வதேச வழிகாட்டி. அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்ற மருத்துவமனைகள் எவ்வளவோ பாடுபடுகின்றன. அதற்கு முன்னால் பராமரிப்பு இல்லத்தில் கழிந்துபோகும் நாட்களைப் பற்றி யாரும் அவ்வளவு கவலைப்படுவதில்லை.

செப்சிஸ் என்பது என்ன? 2016-இல் உலகளாவிய நிபுணர் குழு ஒன்று அதற்குத் தந்த விளக்கத்தின் சாரம் இது: தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்புச் செயல் கட்டுமீறிப் போய், உடலின் சொந்த உறுப்புகளையே செயலிழக்கச் செய்து உயிருக்கு ஆபத்தாவது. ‘ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது’ என்று நம்மிடையே சொல்வதுண்டு. ஆனால் ரத்தத்தில் கிருமி அகப்படாமலே செப்சிஸ் வரலாம். நுரையீரல், சிறுநீர்ப்பாதை, தோல், வயிறு, எங்கே தொற்று இருந்தாலும் போதும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன, அழுத்தம் இறங்குகிறது, சிறுசிறு கட்டிகளாக ரத்தம் உறைகிறது, சிறுநீரகமும் மூளையும் போதிய ரத்தமில்லாமல் தள்ளாடுகின்றன. 2017-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கு 2020-இல் லான்செட் இதழில் வந்தது: 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ், 1 கோடியே 10 லட்சம் மரணங்கள். உலகில் நிகழும் ஐந்து மரணங்களில் ஏறக்குறைய ஒன்றில் இதற்குப் பங்கிருக்கிறது.

அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வந்த முதியவர்களின் கணக்கைப் பார்த்த ஓர் ஆய்வில், வீட்டிலிருந்து வந்தவர்களைவிடப் பராமரிப்பு இல்லங்களிலிருந்து வந்தவர்களிடம் கடுமையான செப்சிஸ் ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. வீட்டிலிருந்து வந்த செப்சிஸ் நோயாளிகளில் 15 சதவீதம் பேர் மருத்துவமனையில் இறந்தார்கள். இல்லங்களிலிருந்து வந்தவர்களில் 37 சதவீதம். 2011 நிதியாண்டில் மெடிகேர் காப்பீட்டில் இருந்த பராமரிப்பு இல்லவாசிகளில் நான்கில் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாக அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் கணக்கிட்டது. காரணங்களின் பட்டியலில் முதலிடம் செப்சிஸ் வகை ரத்தத் தொற்றுக்குத்தான்.

முதுமையின் தளர்ச்சி, பல நோய்கள், பல மருந்துகள், நாள் முழுக்கப் பலரைத் தொட்டுத் தூக்கும் அதே கைகள் என்று இதற்குக் காரணங்கள் தெரிந்தவையே. நான் இங்கே நின்று பார்க்க விரும்புவது வேறொன்றை: முதியவர்களிடம் இந்த நோய் தன் வழக்கமான அடையாளங்களோடு வருவதில்லை.

முதலில் காய்ச்சல். எண்பது வயதுக்காரரின் உடல் இளையவருடையதுபோல் கொதிப்பதில்லை; சில சமயம் சில்லிட்டுப்போகும். இல்லவாசிகளிடம் நடந்த ஆய்வில், 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் காய்ச்சலின் எல்லையாக வைத்தபோது தொற்று இருந்தவர்களில் 40 சதவீதம் பேர்தான் பிடிபட்டார்கள். எல்லையை 100-க்கு இறக்கியபோது 70 சதவீதம் பேர் பிடிபட்டார்கள். அதனால்தான் அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2008-இல் பராமரிப்பு இல்லங்களுக்கென்றே தனி எல்லைகளை வகுத்தது: வாயில் ஒரு முறை 100 டிகிரிக்கு மேல், அல்லது பல முறை 99-க்கு மேல், அல்லது அவரவர் வழக்கமான சூட்டைவிட 2 டிகிரி கூடுதல். இந்த மூன்றாவதைக் கவனியுங்கள். ஒருவருடைய வழக்கமான சூடு என்ன என்பதை அவர் நலமாயிருக்கும்போதே அளந்து எழுதிவைத்திருந்தால்தான் அந்த விதிக்குப் பயனுண்டு.

ரத்த அழுத்தத்துக்கும் இதே கதைதான். பல வருடமாக 160-இல் இருப்பவருக்கு ஒருநாள் 115 இருந்தால் படிவத்தில் அது ‘நார்மல்’ என்று ஏறும். அவருடைய சிறுநீரகத்துக்கு அது வறட்சி. இதயத் துடிப்பும் நம்பகமானதல்ல. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவரின் நாடி எவ்வளவு தொற்றிருந்தாலும் 80-ஐத் தாண்டாமல் நிற்கக்கூடும்.

மிஞ்சுவது மூச்சு. நிமிடத்துக்கு 25-க்கு மேல் மூச்சு வாங்கும் முதியவரிடம் நிமோனியா இருக்க வாய்ப்பு அதிகம் என்பது 1980-களிலிருந்தே தெரிந்த செய்தி. இருமலும் காய்ச்சலும் வருவதற்கு முன்பே மூச்சு வேகமெடுத்துவிடும். அதை அளக்க ஒரு கடிகாரம் போதும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் போர்வையின் மேல் வைத்து, அது ஏறி இறங்குவதை முழுதாக அறுபது விநாடி எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று சொன்னால் மூச்சு மாறிவிடும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் முதியவர்களின் ஒழுங்கற்ற மூச்சில் கணக்கு தவறும். இவ்வளவு எளிய வேலைதான் எங்கேயும் முதலில் கைவிடப்படுவது. வேளைக்கு வேளை 18, 20, 18 என்று எழுதப்பட்ட குறிப்பேட்டைப் பார்த்த மாத்திரத்தில் யாரும் எண்ணவில்லை என்று தெரிந்துவிடும். முப்பது பேருக்கு ஒருவர் என்று இரவுப் பணியில் விடப்பட்ட பெண்ணிடம் ஆளுக்கொரு முழு நிமிடம் கேட்பது பெரிய கேள்வி என்பதும் எனக்குத் தெரிகிறது. குறை அவரிடம் இல்லை, அந்தப் பணிப்பட்டியலைப் போட்டவரிடம் இருக்கிறது.

வட கரோலினா மாநிலத்தில் 31 இல்லங்களின் பதிவுகளை பிலிப் ஸ்லோன் குழுவினர் துருவிப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட 236 பேர். அவர்களில் 59 பேருக்குச் செப்சிஸ். அனுப்புவதற்கு முந்தைய நேரத்தில் யாராவது இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்பது கேள்வி. கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரையிலானவர்களிடம் சூடு, நாடி, அழுத்தம் போன்ற அடிப்படை அளவுகளில் ஏதோ ஒன்று பதிவாகவே இல்லை. அளவுகள் இருந்தவர்களிடம் சிறப்பாக வேலை செய்தது மின்னசோட்டா மருத்துவமனைச் சங்கம் பரப்பிய ‘100-100-100’ என்ற எளிய விதி: சூடு 100-க்கு மேல், நாடி 100-க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 100-க்குக் கீழ். கடைசி 12 மணி நேரத்தில் செப்சிஸ் நோயாளிகளில் 79 சதவீதம் பேரை இது பிடித்தது. மருத்துவமனைகளுக்கென உருவான க்யூசோஃபா போன்ற அளவுகோல்கள் செப்சிஸ் இல்லாதவரை வீணாகச் சந்தேகிப்பது குறைவு; ஆனால் செப்சிஸ் இருந்தவர்களில் பலரை அவை இங்கே தவறவிட்டன. எந்த அளவுகோலும் தானாக வேலை செய்வதில்லை; யாரோ ஒருவருக்கு முதலில் சந்தேகம் வந்து, அளக்கலாம் என்று தோன்ற வேண்டும்.

அந்தச் சந்தேகத்துக்கு வடிவம் கொடுக்கத்தான் ஃப்ளோரிடாவில் ஜோசப் அவுஸ்லாண்டர் முன்னின்று உருவாக்கிய ‘இன்டராக்ட்’ திட்டம் ‘ஸ்டாப் அண்ட் வாட்ச்’ என்ற ஒற்றைத் தாளைக் கொண்டுவந்தது. அதில் மருத்துவச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. வழக்கம்போல் இல்லை, பேச்சு குறைந்திருக்கிறது, கூடுதல் உதவி தேவைப்படுகிறது, வலி, சாப்பாடு குறைந்தது, தண்ணீர் குறைந்தது, மலம் போகவில்லை, எடை மாற்றம், பதற்றம், சோர்வு, தோலின் நிறம், நடக்கத் தள்ளாட்டம். சமையலறை ஊழியரோ துப்புரவுப் பணியாளரோ மகளோ யார் வேண்டுமானாலும் வட்டமிட்டு நர்ஸிடம் கொடுக்கலாம். நர்ஸ் அதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட வேண்டும். இந்தக் கையெழுத்தில்தான் எனக்கு நம்பிக்கை. சொன்னேன், யாரும் கேட்கவில்லை என்ற நிலைக்கு அது கொஞ்சமாவது தடை போடுகிறது. இங்கிலாந்தில் வெசெக்ஸ் பகுதியில் பிறந்த ‘ரிஸ்டோர்-2’ இன்னொரு படி மேலே போய், இந்த மென்மையான அறிகுறிகளைத் தேசிய அளவில் பழக்கத்தில் உள்ள ‘நியூஸ்-2’ மதிப்பெண்ணோடு இணைத்து, எந்த எண்ணுக்கு யாரை எவ்வளவு நேரத்தில் அழைக்க வேண்டும் என்று வரைந்து தந்துவிட்டது.

இரவு இரண்டு மணிக்கு மருத்துவரை அழைத்து, “டாக்டர், அம்மா என்னமோ மாதிரி இருக்காங்க” என்றால், “காலையில் பார்க்கலாம்” என்பதுதான் பெரும்பாலும் பதில். “மூச்சு 28, வழக்கமாக 18. அழுத்தம் 104, வழக்கமாக 150. மத்தியானத்திலிருந்து சிறுநீர் போகவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர், இன்று என்னைத் தெரியவில்லை. செப்சிஸாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது” என்றால் மருத்துவர் எழுந்து உட்காருவார். இரண்டு அழைப்பிலும் பார்த்த கண் ஒன்றுதான். இரண்டாவதில் அழைத்தவர் கையில் எண்களும், கேட்கத் தயங்க வேண்டாம் என்ற பயிற்சியும் இருந்தன.

குழப்பம் இந்த நோயின் மிக முக்கியமான அறிகுறி. மிக எளிதாகத் தள்ளிவிடப்படுவதும் அதுவே. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்ற ஒரு வாக்கியம் எத்தனை பேருடைய மணி நேரங்களைத் தின்றிருக்கும்! மறதி நோய் உள்ளவர் நேற்றைவிட இன்று அதிகம் குழம்பியிருக்கிறார் என்றால், அல்லது எப்போதும் சத்தமிடுகிறவர் இன்று அமைதியாகக் கிடக்கிறார் என்றால், அது முதுமையின் வேலையல்ல. முதுமை ஒரே நாளில் வருவதில்லை. இந்த மாற்றத்தைக் காண மொழியும் வேண்டும். டொராண்டோ போன்ற நகரங்களின் இல்லங்களில் இன்று தமிழ் முதியவர்கள் வாழ்கிறார்கள். மறதி நோயில் பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவுவதைப் பல குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. தமிழ் மட்டுமே மிஞ்சியிருக்கும் ஒரு பாட்டியின் பேச்சு வழக்கமான தொடர்பற்ற பேச்சா, இன்று புதிதாக உளறுகிறாரா என்பதை மொழி தெரியாத நர்ஸால் எப்படிச் சொல்ல முடியும்? அங்கே மகனோ மகளோ தினமும் பேசும் தொலைபேசி அழைப்பே ஒரு மருத்துவப் பரிசோதனை. “அம்மா இன்னிக்குச் சரியாப் பேசல” என்று அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் ஏற்றும் வழக்கம் வேண்டும்.

இனி இதன் மறுபக்கம். எச்சரிக்கை என்ற பெயரில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. அது சிறுநீரில் தொடங்குகிறது.

முதியவர் குழம்பியிருக்கிறார். சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்க்கிறார்கள், நிறம் மாறுகிறது. சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக் தொடங்குகிறார்கள், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேரிடமும், ஆண்களில் 15 முதல் 40 சதவீதம் பேரிடமும் எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். நெடுநாள் கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாய் வைத்திருப்பவர் என்றால் எல்லோரிடமுமே இருக்கும். ஆகவே அந்தப் பட்டை யாரிடம் பார்த்தாலும் நிறம் மாறக்கூடியது. கிடைத்த விடையோடு தேடல் நின்றுவிடுவதுதான் ஆபத்து. நுரையீரலைக் கேட்டுப் பார்க்கவில்லை, இடுப்பில் புண் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கவில்லை, தண்ணீர் குடித்தாரா, புது மாத்திரை ஏதும் சேர்ந்ததா என்று கேட்கவில்லை. உண்மையான செப்சிஸ் வேறிடத்தில் வளர்கிறது. தேவையற்ற ஆன்டிபயாடிக்கோ குடலின் நல்ல பாக்டீரியாவை அழித்து கிளாஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் வயிற்றுப்போக்குக்கும், மருந்துக்கு அடங்காத கிருமிக்கும் வழிவிட்டுவிடுகிறது. அடுத்த செப்சிஸுக்கான விதை அங்கே விழுகிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீர்ப் பட்டையைக் கொண்டு தொற்றை முடிவுசெய்ய வேண்டாம் என்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதார வழிகாட்டி வெளிப்படையாகவே சொல்கிறது.

கனடாவின் மார்க் லோப் இதை ஒரு சோதனையாகவே நடத்திக் காட்டினார். ஒன்டாரியோவிலும் ஐடஹோவிலும் 24 இல்லங்கள். பாதியில் எப்போது சிறுநீரைப் பரிசோதிக்கலாம், எப்போது மருந்து தொடங்கலாம் என்பதற்கு எளிய வரைபடம் தந்தார்கள். 2005-இல் வெளிவந்த முடிவில், அந்த இல்லங்களில் சிறுநீர்த் தொற்று என்ற பெயரில் கொடுத்த ஆன்டிபயாடிக் ஏறக்குறைய கால்பங்கு குறைவாக இருந்தது. மருத்துவமனைச் சேர்க்கையிலோ மரணத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. செப்சிஸை விரைந்து கண்டுபிடிப்பதும், செப்சிஸ் இல்லாதவருக்கு மருந்தை நிறுத்திவைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் தேவைப்படுவது முதியவரை முழுதாகப் பார்ப்பது என்ற ஒரே செயல்தான்.

மருத்துவமனையில் என்னதான் விரைந்தாலும் எவ்வளவு காப்பாற்ற முடியும்? 6 அமெரிக்க மருத்துவமனைகளில் இறந்த 568 பேரின் பதிவுகளைச் சானு ரீ குழுவினர் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோரிடம் செப்சிஸ் இருந்தது; ஆனால் அந்த மரணங்களில் மருத்துவமனைச் சிகிச்சை சிறப்பாக இருந்திருந்தால் உறுதியாகவோ ஓரளவு நிச்சயமாகவோ தடுத்திருக்கலாம் என்று சொல்லத்தக்கவை 3.7 சதவீதம்தான். இந்த எண் என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது. அவசரப் பிரிவின் வாசலில் மிஞ்சியிருக்கும் வாய்ப்பு அவ்வளவு சிறிது என்றால், உயிர் காக்கும் வேலையின் பெரும்பகுதி அதற்கு முந்தைய வாரங்களில், குளியலறையிலும் சாப்பாட்டு மேசையிலும் நடக்க வேண்டியது.

தண்ணீரைச் சொல்லலாம். இங்கிலாந்தின் கிழக்கு பெர்க்ஷயரில் சில இல்லங்கள் நாளுக்கு ஏழு முறை பானச் சுற்று என்று ஒழுங்கு வைத்தன. வண்டியில் ஜூஸ், தேநீர், பிடித்த கோப்பை. குடித்ததை உறுதிசெய்த பிறகே அடுத்தவரிடம் போவது. மருந்து தேவைப்பட்ட சிறுநீர்த் தொற்றுகள் 58 சதவீதமும், மருத்துவமனைக்குப் போக நேர்ந்தவை 36 சதவீதமும் குறைந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு முயற்சி என்பதால் எண்களை அப்படியே கல்வெட்டாக்க வேண்டாம். ஆனாலும் தண்ணீர் கொடுப்பதால் யாருக்கும் தீங்கில்லை, இதயமோ சிறுநீரகமோ பழுதாகி அளவு விதிக்கப்பட்டவர்களைத் தவிர.

வாய்ச் சுத்தத்துக்கு ஜப்பானில் நல்ல சான்று கிடைத்தது. 11 இல்லங்களில் இரண்டு ஆண்டு நடந்த யோனெயாமா குழுவின் ஆய்வில், உணவுக்குப் பின் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 19 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்தது. பின்னர் கனெக்டிகட்டில் 36 இல்லங்களில் பல் துலக்குதலோடு மருந்துக் கொப்பளிப்பையும் சேர்த்து முயன்றபோது பலன் தெரியவில்லை. நான் முதல் ஆய்வின் பக்கமே சாய்கிறேன், தயக்கத்தோடு. குச்சியில் பஞ்சு சுற்றித் துடைப்பதற்கும், தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து ஒருவர் பொறுமையாகத் துலக்கிவிடுவதற்கும் நிறைய தூரம்.

கதீட்டரில் சந்தேகத்துக்கே இடமில்லை. லோனா மோடி தலைமையில் 404 அமெரிக்க இல்லங்களில் நடந்த முயற்சியில், ஆயிரம் கதீட்டர் நாளுக்கு 6.4-ஆக இருந்த தொற்று 3.3-ஆக இறங்கியது. குளியலைப் பற்றி 2023-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த கலிஃபோர்னியா ஆய்வு இன்னும் வியப்பானது: 28 இல்லங்கள், பாதியில் வழக்கமான குளியல், பாதியில் குளோர்ஹெக்சிடின் கரைசலால் குளியலும் மூக்கில் போவிடோன் அயோடினும். நம் மருந்துக்கடையில் காயத்துக்குக் கிடைக்கும் அதே பழுப்பு மருந்தின் வகைதான் இந்த இரண்டாவது. மருத்துவமனைக்குப் போனவர்களில் தொற்றால் போனவர்கள் வழக்கமான இல்லங்களில் 62 சதவீதத்திலேயே நின்றார்கள். மற்ற இல்லங்களில் 62.9-இலிருந்து 52.2-க்கு இறங்கினார்கள். இதனோடு இரண்டு மணி நேரத்துக்கொருமுறை திருப்பிப் படுக்கவைத்தல், குதிகாலையும் புட்டத்தையும் தினமும் பார்த்தல், இன்ஃப்ளுயன்சா, நிமோகாக்கஸ், கோவிட் தடுப்பூசிகள். தமிழ்நாட்டின் முதியோர் இல்லங்களில் நர்ஸ் இல்லாதவை உண்டு. ஆனால் இந்தப் பத்தியில் சொன்னவற்றில் பெரும்பாலானவை நர்ஸ் பட்டம் கேட்பவை அல்ல. கோவிட் காலத்தில் வீடுதோறும் வந்த பல்ஸ் ஆக்சிமீட்டரும், ஒரு டிஜிட்டல் வெப்பமானியும், ரத்த அழுத்தக் கருவியும், ஒவ்வொருவருக்கும் ‘வழக்கமான அளவு’ எழுதிய ஒரு பக்கமும் இருந்தால் பாதி வேலை தொடங்கிவிடும்.

எல்லோரையும் மருத்துவமனைக்கு ஓட்டிப்போவது என் வாதம் அல்ல. மிகத் தளர்ந்த நிலையில், வாழ்வின் இறுதிப் பகுதியில் வரும் செப்சிஸ் சிலருக்கு அந்த இறுதியின் வடிவமே. அவர் வெண்டிலேட்டரை விரும்புவாரா, ஊசி மருந்தை இல்லத்திலேயே ஏற்பாரா, வலியில்லாமல் இருந்தால் போதும் என்பாரா என்பதை நிதானமான ஒரு பகல் நேரத்தில் அவரிடமும் குடும்பத்திடமும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அங்கேயும் முன்கூட்டிக் கண்டுபிடிப்பது உதவுகிறது. பிள்ளைகள் வந்துசேரவும், மூச்சுத்திணறலைத் தணிக்கும் மருந்து தயாராகவும் நேரம் கிடைக்கிறது.

பிழைத்தவர்கள் இல்லத்துக்குத் திரும்பி வருகிறார்கள். செப்சிஸிலிருந்து மீண்டவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் 90 நாட்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்கிறார்கள்; இன்னொரு தொற்றே அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று. திரும்பி வந்தவர் போனவரே அல்ல. தசை கரைந்திருக்கும், விழுங்கச் சிரமப்படுவார், நினைவு இன்னும் மங்கியிருக்கும், ரத்த அழுத்தம் வேறாக இருக்கும். பழைய பக்கத்தில் இருக்கும் அளவுகளோடு அவரை ஒப்பிடக் கூடாது. முதல் இரண்டு நாளில் மூச்சு, சூடு, அழுத்தம், பேச்சு, நடை எல்லாவற்றையும் புதிதாக அளந்து எழுத வேண்டும்; தோலைத் தலைமுதல் குதிகால்வரை பார்க்க வேண்டும்; மருந்துச் சீட்டில் எந்த ஆன்டிபயாடிக் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்க வேண்டும். மருத்துவமனையில் வைத்த கதீட்டர் இன்னும் உள்ளேயே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால், அதை எடுக்கும் தேதியை அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.